பஞ்சத்தில் பிறந்த ஆய்வுக்கூடம்
கோடைக்கானலை நம் சிறுவருக்கு அறிமுகம் செய்வோம்

லுணுகலைப் பகுதித் தோட்டம் ஒன்றில் நாம் நடத்தி வரும் மாலை வகுப்பில் ஒரு நாள் வான் ஆய்வுக்கூடங்களைப் பற்றிப் பேசினோம். கரும்பலகையில் "கோடைக்கானல்" என்று எழுதியதும் ஏழாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க அப்பாயியோட தங்கச்சி அங்கதான் சேர் இருக்காங்க. கப்பல்ல போனவங்க" என்றாள். வேறு இரண்டு பிள்ளைகளும் அங்கே போய்க் குடியேறிய தங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொன்னார்கள். அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "சூரியனப் பாத்து நமக்கு என்ன சேர் கெடைக்கப் போவுது?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. கொழுந்துக் கூலியில் ஓடும் வீட்டில், பாடசாலையை விட்டு எப்போது கொழும்புக்கு வேலைக்குப் போகலாம் என்று எண்ணும் வயதில், ஒவ்வொரு பாடத்தையும் பார்த்து "இதனால் என்ன பயன்?" என்று கேட்பது தவறல்ல. ஆனால் அவன் அறியாத ஒன்று உண்டு. கோடைக்கானலில் அந்த ஆய்வுக்கூடம் எழுந்ததற்கும், நம்மில் பலரின் முன்னோர் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரே காரணம் பின்னால் இருக்கிறது. அது பசி.

இந்தப் பாடத்தைச் சிறுவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் சிறுவர் கழக வழிகாட்டிகளும் பயன்படுத்தும் வகையில் இங்கே தருகிறோம்.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. அப்போது தமிழ் வருடம் தாது. ஆகவே அதன் பின் வந்த கொடிய பஞ்சத்தை மக்கள் "தாது வருடப் பஞ்சம்" என்றே சொல்லி வந்தார்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத் ஆகிய இடங்களில் ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

மழை பெய்யாதது மட்டும் அத்தனை உயிர்களைக் கொல்லவில்லை. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. சந்தையில் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. நிவாரண வேலைத்தளங்களில் நாள் முழுவதும் கல்லுடைத்த ஆணுக்கு ஒரு இறாத்தல் தானியத்துக்குரிய கூலி போதும் என்று 1877இல் அரசு குறைத்தது. ஒரு இறாத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. வானம் பாதி கொன்றது, ஆட்சி பாதி கொன்றது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

அந்தக் காலத்தில் ஊவா உட்பட இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. பஞ்சத்தில் வாடிய கிராமங்களிலிருந்து பெருந்தொகையானோர் கங்காணிமாரின் பின்னால் கடற்கரைக்கு நடந்தார்கள். தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். நம் எல்லோருடைய முன்னோரும் அந்தப் பஞ்சத்தில்தான் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1820களிலேயே வந்தவர்கள் உண்டு, பின்னர் தேயிலைக் காலத்தில் வந்தவர்களும் உண்டு. ஆனால் தாது வருடத்தின் பசி விரட்டிய குடும்பங்கள் நம் லயங்களில் பல என்பதில் ஐயமில்லை.

மழை ஏன் பொய்த்தது?

இவ்வளவு பெரிய அழிவின் பின் அரசாங்கத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் முன்னால் ஒரு கேள்வி நின்றது. மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதை அப்போதே அறிந்திருந்தார்கள். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. இங்கிலாந்தின் வானியலாளர் நோர்மன் லொக்கியர் இன்னொருவருடன் சேர்ந்து 1877இல் "சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்" என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிகள் குறையும் காலத்தில் தென்னிந்தியாவில் மழையும் குறைகிறது என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் சூரியனை நாள்தோறும் கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் அல்லவா?

இந்த நம்பிக்கையிலிருந்துதான் தென்னிந்தியாவில் சூரியனுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. சென்னையில் ஏற்கெனவே ஒரு வான் ஆய்வுக்கூடம் இருந்தது. 1786இல் வில்லியம் பெற்றி என்ற கம்பெனி அதிகாரி தம் சொந்த முயற்சியில் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் அமைத்தது. அங்கே கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன.

அந்தச் சென்னை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவரைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவர் 1867இல் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9ஆந் திகதி சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றது. பொதுமக்கள் அந்த நிகழ்வை விளங்கிக் கொள்ள வேண்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் அவர் நூல் வெளியிட்டார். விஞ்ஞானத்தைச் சொந்த மொழியில் சாதாரண மக்களிடம் கொண்டு போகும் வேலை இன்று தொடங்கியது அல்ல.

ஏன் மலை உச்சி?

கரையோர நகரமான சென்னையில் தூசும் புழுக்கமும் அதிகம். ஆகவே நல்ல மலையொன்றைத் தேடும் பொறுப்பு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த மிக்கி ஸ்மித் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கெல்வின் பிரபு தலைமையில் 1893இல் இங்கிலாந்தில் கூடிய குழு கோடைக்கானலைத் தெரிந்தெடுத்தது. சென்னை ஆளுநர் வென்லொக் பிரபு 1895இல் அடிக்கல் நாட்டினார். 1899இல் ஆய்வுக்கூடம் உருவாகி, 1901இல் அவதானிப்பு தொடங்கியது. மிக்கி ஸ்மித் அதன் முதல் பணிப்பாளரானார்.

கோடைக்கானல் ஆய்வுக்கூடம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது? வெளியே அழைத்து வந்து நமுனுகுல மலையைக் காட்டுங்கள். அது சுமார் 2,036 மீற்றர். "அந்த உச்சிக்கும் மேலே இன்னும் முந்நூறு மீற்றர் ஏறினால் கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் உயரம்" என்று சொல்லுங்கள். உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும், தூசும் குறையும். காலை வேளையில் காற்று அசையாமல் இருக்கும். கொதிக்கும் தண்ணீருக்கு மேலாகப் பார்த்தால் சுவர் நெளிவது போலத் தெரிவதைப் பிள்ளைகள் குசினியில் பார்த்திருப்பார்கள். சூடேறிய காற்றினூடாகச் சூரியனைப் பார்த்தாலும் அப்படித்தான் நெளியும். அதனால்தான் மலை, அதனால்தான் காலை நேரம்.

அங்கே என்ன செய்கிறார்கள்?

வானம் தெளிவாக உள்ள ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். கேட்க இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 1904ஆம் ஆண்டு முதல் இந்த வேலை நடந்து வருகிறது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. ஆட்சி மாறியது. பணிப்பாளர்கள் மாறினார்கள். சூரியனைப் படம் பிடிக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலான சூரியனின் நாட்குறிப்பு அங்கே கண்ணாடித் தகடுகளில் இருக்கிறது. உலகில் இப்படி நீண்ட தொடர் பதிவு உள்ள இடங்கள் மிகச் சிலவே. அந்தத் தகடுகள் இப்போது கணினிக்கு மாற்றப்பட்டுள்ளன. நூறு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலைப் பொழுதில் யாரோ ஓர் ஊழியர் எடுத்த படத்தை வைத்து இன்றைய ஆய்வாளர் புதிய விடை தேடுகிறார்.

1907இல் அங்கு வந்து சேர்ந்தவர் ஜோன் எவர்ஷெட். சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு எப்படி நகர்கிறது என்பதை 1909 ஜனவரியில் அவர் கண்டுபிடித்தார். புள்ளியின் உட்பகுதியிலிருந்து வெளிப்புறமாக, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீற்றர் வேகத்தில் வாயு பாய்கிறது. இன்று உலகம் முழுவதும் பாடநூல்களில் இதற்கு "எவர்ஷெட் விளைவு" என்று பெயர். 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் உள்ள வாயுவின் வேகத்தை எப்படி அளந்தார்? பசறைப் பாதையில் ஹோன் அடித்துக்கொண்டு வரும் பஸ்ஸை நினையுங்கள். நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், கடந்து போனதும் சத்தம் தடித்துவிடும். ஒளியிலும் இதே மாற்றம் உண்டு. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி சற்று நீலத்தின் பக்கமும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சற்றுச் சிவப்பின் பக்கமும் நகரும். அந்தச் சிறு நகர்வை அளந்தே வேகத்தைக் கண்டார்.

அவரது மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கணவருடன் சேர்ந்து கோடைக்கானலில் ஆராய்ந்து, 1917இல் இருவரின் பெயரிலும் நூல் வெளிவந்தது. வகுப்பில் உள்ள பெண்பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். பின்னாளில், 1937இல், ஏ. எல். நாராயண் முதல் இந்தியப் பணிப்பாளரானார். 1960இல் வைணு பாப்பு பொறுப்பேற்றார். 1971 முதல் இந்த இடம் இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கி பிள்ளைகளைக் கவரும். 11 மீற்றர் உயரமான கோபுரத்தின் மேல் ஒரு கண்ணாடி சூரியனைப் பிடிக்கிறது. வேறு கண்ணாடிகள் அந்த ஒளியைக் கீழே கொண்டு வந்து, நிலத்தடியில் 60 மீற்றர் நீளமான சுரங்கத்துக்குள் செலுத்துகின்றன. 38 சென்றிமீற்றர் அகலமான வில்லை ஒன்று, 36 மீற்றர் தூரத்தில் சூரியனின் உருவத்தை 34 சென்றிமீற்றர் வட்டமாக விழச் செய்கிறது. நிலத்தடியில் ஏன்? அங்கே சூடு ஒரே அளவாக இருக்கும், காற்று அசையாது. இந்த 36, 34 என்ற இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மழைக் கேள்விக்கு விடை கிடைத்ததா?

இங்கே நாம் பிள்ளைகளிடம் நேர்மையாக இருக்க வேண்டும். சூரியப் புள்ளிகளை எண்ணிப் பருவமழையை முன்னறியலாம் என்ற எண்ணம் கைகூடவில்லை. எதற்காக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்களோ, அந்த விடை அந்த வழியில் கிடைக்கவில்லை.

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய அவதான நிலையங்களின் தலைவராக இருந்த கில்பேர்ட் வோக்கர், உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்த, மழைக் கணக்குகளைச் சேர்த்து ஒப்பிட்டார். பசிபிக் சமுத்திரத்தின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் கூடும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் குறைகிறது, பின் இது மாறுகிறது என்று கண்டார். இந்த ஊஞ்சலாட்டமும், பசிபிக் கடல் நீர் வழமைக்கு மேல் சூடாகும் "எல் நினோ"வும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969இல் ஜேக்கப் பியெர்க்னெஸ் விளக்கினார். 1877இல் மிகக் கடுமையான எல் நினோ ஒன்று இருந்தது என்பது இன்று தெரிந்த விடயம். தாது வருடத்துத் துயரத்தை நீட்டியதில் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கடலுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் கோடைக்கானல் வீண்தானா? இல்லை. ஒரு கேள்வியோடு போனவர்கள் வேறு பல கேள்விகளுக்கு விடை கண்டார்கள். பிழையான வழி பிழை என்று தெரிவதும் அறிவுதான், அதற்கும் நீண்ட காலப் பதிவு வேண்டும். வோக்கருக்கும் கைகொடுத்தவை, பல நாடுகளில் பெயர் தெரியாத ஊழியர்கள் நாள் தவறாமல் எழுதி வைத்த கணக்குகளே.

இன்று அதனால் என்ன பயன்?

சூரியனில் சில வேளைகளில் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்து, மின்னேற்றமுள்ள துகள்கள் பூமியை நோக்கிப் பாய்கின்றன. 1989 மார்ச் 13ஆந் திகதி அப்படியொரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதிலும் மின்சாரம் நின்றது. சுமார் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் வரை இருளில் இருந்தார்கள். 2024 மே மாதத்தில் வந்த புயலின்போது இந்தியாவின் லடாக் பகுதியில் கூட வானம் சிவந்து தெரிந்தது. இன்று கடலுக்குப் போகும் மீனவர் வழி அறிவதும், நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வரைபடம் பார்ப்பதும் செய்மதிகளால். அந்தச் செய்மதிகளையும் மின் வலைகளையும் காப்பாற்றச் சூரியனைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

2023 செப்டெம்பர் 2ஆந் திகதி இந்தியா ஏவிய ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் முக்கியக் கருவியை உருவாக்கியது கோடைக்கானலை நடத்தும் அதே நிறுவனம். மலை உச்சியில் கண்ணாடித் தகட்டில் தொடங்கிய வேலை விண்வெளி வரை போயிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த வழி உண்டு. 1907இல் கொழும்பில் அமைந்த அவதான நிலையம் இன்று வளிமண்டலவியல் திணைக்களமாக இயங்குகிறது. பதுளையிலும் அதன் நிலையம் இருக்கிறது. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில், ஜப்பான் வழங்கிய 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி 1996இல் நிறுவப்பட்டது.

செய்து பார்க்க

முதலில் ஓர் எச்சரிக்கை. சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, தண்ணீரில் தெரியும் நிழல் எதுவும் பாதுகாப்பு அல்ல. தொலைநோக்கியால் பார்த்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். விழித்திரை எரியும்போது வலி தெரியாது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். கீழே தருவன எல்லாம் சூரியனுக்கு முதுகு காட்டிச் செய்பவை.

1. கூரை ஓட்டையில் சூரியன். லயக் காம்பிராவில் பகலில் கதவை மூடினால், தகரத்து ஆணி ஓட்டைகள் வழியாகத் தரையில் வெளிச்ச வட்டங்கள் விழும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் விழும் வெளிச்சம் வட்டமாகவே இருக்கும். ஏன் என்று கேளுங்கள். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26ஆந் திகதி சூரிய கிரகணத்தன்று காலையில் இந்த வட்டங்கள் எல்லாம் பிறை வடிவாகத்தான் விழுந்திருக்கும். மழைக்கு ஒழுகும் கூரை நமக்கு ஒரு குறைதான். அந்தக் குறை தீரும் வரை அது ஒரு ஆய்வுக்கூடமாகவும் இருக்கட்டும்.

2. சூரியனை அளப்போம். ஒரு மட்டையில் இரண்டு மில்லிமீற்றர் அளவான துளையிட்டு, வெயில் விழும் யன்னலில் ஒட்டி, மற்ற வெளிச்சத்தை மறையுங்கள். துளையிலிருந்து ஒளி வரும் பாதையிலேயே மூன்று மீற்றர் அளந்து, அங்கே வெள்ளைத் தாள் ஒட்டிய மட்டையை ஒளிக்கு நேராகப் பிடியுங்கள். வட்டத்தின் அகலத்தை அளந்து, துளையின் அளவைக் கழியுங்கள். ஏறத்தாழ 2.8 சென்றிமீற்றர் வரும். 300 சென்றிமீற்றரை 2.8ஆல் வகுத்தால் சுமார் 107. அதாவது சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் 107இல் ஒரு பங்கு அதன் அகலம். தூரம் 15 கோடி கிலோமீற்றர். வகுத்தால் சுமார் 14 இலட்சம் கிலோமீற்றர். சரியான விடை ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம். லுணுகலையில் ஒரு லயத்துப் பிள்ளை, அடிமட்டத்தையும் மட்டையையும் கொண்டு சூரியனை அளந்துவிட்டது!

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். நம் மூன்று மீற்றரை விடக் கோடைக்கானலின் 36 மீற்றர் பன்னிரண்டு மடங்கு. 2.8ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 34க்கு மிகக் கிட்ட வரும். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே கணக்கு.

3. கண்ணாடியும் சுரங்கமும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கடதாசியால் மூடி, நடுவில் அரைச் சென்றிமீற்றர் துளை விடுங்கள். வெளியே வெயிலில் வைத்து, ஒளியை இருண்ட மண்டபத்தின் உள்சுவரில் விழச் செய்யுங்கள். யாருடைய கண்ணிலும் அடிக்கக் கூடாது. பத்து மீற்றர் தூரத்தில் சுமார் ஒன்பது சென்றிமீற்றர் அகலமான சூரியன் தெரியும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். சூரிய உருவம் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும். பூமி சுழல்வதைப் பிள்ளைகள் சுவரில் காண்கிறார்கள். கோடைக்கானலில் இந்த நகர்வைச் சரிசெய்யவே கண்ணாடியை இயந்திரம் மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

4. மழைக் குறிப்பு. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்து மழைமானி செய்யலாம். அடி சமமாக இல்லாவிட்டால் கொஞ்சம் சீமெந்து போட்டுச் சமப்படுத்துங்கள். அதன் மேல் மட்டத்திலிருந்து மில்லிமீற்றரில் அளவுகோல் ஒட்டுங்கள். மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை அதே நேரத்தில் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கச்சான் அடிக்கும் ஆடி, ஆவணியில் பூச்சியம் பூச்சியமாக எழுத வேண்டிவரும். பூச்சியமும் ஒரு கணக்குத்தான். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதே அந்த வறண்ட காற்று. எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை கூடுவது பெரும்பாலும் காணப்படுகிறது. நம் கொப்பியில் அது தெரிகிறதா என்று சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கலாம்.

இந்த நான்காவது வேலையை விளையாட்டாக எண்ண வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்துக்குச் செய்ததையும் மறக்க முடியாது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் மலைச்சரிவில் இருப்போர் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் அங்கே தங்கவே கூடாது. அதிகாரிகளின் அறிவித்தலை எப்போதும் கேட்க வேண்டும். ஆனால் இரவில் மின்சாரம் போய், தொலைபேசியும் செத்துப் போனால், டோர்ச் அடித்து மழைமானியைப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த லயத்துக்குப் பெரிய துணை.

கலந்துரையாடலுக்கு

இந்தப் பாடம் முடிந்ததும் பின்வரும் கேள்விகளைச் சிறுவர் கழகத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ பேசலாம்.

1. நம் குடும்பம் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து, எந்தத் தலைமுறையில் வந்தது? தாத்தா, பாட்டி, அப்பாயி, அம்மாயி ஆகியோரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.

2. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா போன நம் உறவினர் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுள் கோடைக்கானலில் யாரும் உண்டா? அவர்களுக்குக் கடிதம் எழுதி ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்க முடியுமா?

3. தாது வருடத்தில் மழை பொய்த்தது இயற்கை. மக்கள் பட்டினியால் செத்ததும் இயற்கையா?

4. எல்லாம் தலையெழுத்து என்று இருப்பதற்கும், தினமும் கவனித்து எழுதி வைப்பதற்கும் என்ன வேறுபாடு?

நான்காவது கேள்வியில்தான் இந்தப் பாடத்தின் சாரம் இருக்கிறது. மழை ஏன் பொய்த்தது என்று தெரியாமல் நம் முன்னோர் ஊரை விட்டு நடந்தார்கள். அதே கேள்வியைக் கையில் எடுத்த சிலர் மலையில் ஏறி, சூரியனைப் பார்த்து, பார்த்ததை எழுதி வைத்தார்கள். அந்த மலையில் ஏற நம்மவர்களுக்கு அன்று வழி இருக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியும் ஒரு போத்தலும் கூரையில் ஓர் ஓட்டையும் போதும், அந்த வேலையைத் தொடங்க.

பின்வாங்கில் இருந்து கேள்வி கேட்ட பையன் இப்போது மழைக் கொப்பிக்குப் பொறுப்பாக இருக்கிறான். "என்ன கெடைக்கும்?" என்று அவன் பிறகு கேட்கவில்லை. ஒரு நாள் நாம் தாமதமாக வந்தபோது, "சேர், நேத்து இருபத்திரெண்டு. நான் எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.